ஊட்டியை வைத்து மாயக்கதை எழுதுவது எப்படி? – கேள்வி பதில்

கோவை வாசகர்: அக்கா, ஊட்டியில நடக்கிற ஒரு அர்பன் ஃபேன்டஸி, அதாவது இன்றைய நகரத்துல நடக்கிற மாயக்கதை, எழுதுறேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு உருவம் வர்ற மாதிரி ஆரம்பிக்கலாமா?

வேண்டாம் தம்பி. பனிமூட்டம் சுற்றுலா வருபவர்களுக்குத்தான் அதிசயம். உள்ளூர்க்காரர்களுக்கு அது துணி காயாத கவலை. ஏரியிலிருந்து தொடங்குங்கள். 1820-களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி அது. நாளாக ஆகச் சுருங்கிவிட்டது. இன்றைய பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸ் மைதானமும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடங்கள். கடைசி கூடலூர் பஸ்ஸுக்கு நிற்பவன் கால்செருப்பு மழையே இல்லாமல் நனைகிறது என்று வையுங்கள், வாசகர் உங்களோடு வந்துவிடுவார்.

மேட்டுப்பாளையம் வாசகி: மலை ரயில்ல பேய் ஏறலாமா?

ஏறட்டும். ஆனால் ரயில் எப்படி ஓடுகிறதோ, அதுதான் பேய்க்கும் சட்டம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் வரும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். பல்சட்டம் குன்னூரோடு முடிகிறது, அங்கே எஞ்சினும் மாறுகிறது. அந்த இரும்புப் பல்லைப் பற்றிக்கொண்டு வரும் ஆவியால் குன்னூரைத் தாண்ட முடியாது. அப்படியானால் ஊட்டிக்கு அதைக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? நாவலே அங்குதான் இருக்கிறது.

சென்னை வாசகர்: தோடர் தெய்வத்தை வில்லனா வைக்கலாமா?

கூடாது. தோடர்கள் நீலகிரியின் பழங்குடி மக்கள், இன்றும் அவர்களால் வழிபடப்படும் தெய்வம் அது. அவர்களுக்குப் பால்மனையே கோயில், அதற்குள் பூசாரி மட்டுமே நுழையலாம். உங்கள் கதாநாயகனும் வெளியிலேயே நிற்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமலே விடுங்கள். கெட்ட சக்தி வேண்டுமென்றால் வெளியிலிருந்து வந்ததைத் தேடுங்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. தோற்ற அரசனின் மரம், வென்றவர்களின் கோயிலுக்குக் கூரை தாங்குகிறது. கோபப்பட அதற்குக் காரணம் உண்டு.

குன்னூர் வாசகர்: ஊர்ப் பெயர்களை மாத்தணுமா?

மாற்றாதீர்கள். காந்தல், ஃபிங்கர் போஸ்ட், லவ்டேல் எல்லாம் அப்படியே வரட்டும். குற்றம் செய்யும் வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் கற்பனைப் பெயர் போதும்.

கூடலூர் வாசகி: எங்க தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க. எங்க கதையும் இதுல சேருமாக்கா?

இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்மா. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகை செய்தது 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. கப்பலில் ஆட்கள் வந்தார்கள். அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மரத்தடிச் சாமி என்ன ஆனது? பாட்டி முந்தானையில் முடிந்த பிடிமண்ணோடு வந்ததா, அங்கேயே காவல் நிற்கிறதா? இதை எழுதத் தகுந்தவர் நீங்கள்தான். பாட்டி இருந்தால் இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.