ஜாமீன் கிடைத்தும் தம்பி வெளியே வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் திருவண்ணாமலை மாவட்டம். என் தம்பி வேறு மாவட்டத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அங்கே ஒயர் திருடியதாகக் கைது செய்துவிட்டார்கள். இதற்கு முன் அவன் மேல் எந்த வழக்கும் கிடையாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து 18 நாள் ஆகிறது, இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டுமாம். எங்கள் மாமா போனார், வெளியூர் ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோர்ட் வாசலில் ஒருவர், 8,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு ஆளையும் தானே கொண்டுவருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா சார்?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் கொண்டுவரும் ஆட்கள் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. ஜாமீன் போடுகிறவர் தான் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் பொய்யோ, போலி வரி ரசீதோ இருந்தால் ஜாமீன் ரத்தாகும், புது வழக்கும் வரும். அதை உங்கள் தம்பிதான் சுமக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த 10,000 ரூபாயை இப்போது யாரும் கட்ட வேண்டியதில்லை. தம்பி வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி அது. இதைப் புரியாமல் நகையை அடகு வைத்துப் பணத்தோடு வந்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன்தாரர் அதே மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்களுக்கு நடந்ததைப் போலவே 1978-இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்த ஜாமீனிலேயே (வேறு யாரும் நிற்காமல் அவரே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியில்) அவரை விடச் சொன்னார். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும், உள்ளூர் ஜாமீன் கேட்பதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்று சொல்லி, அப்படி வற்புறுத்த வேண்டாம் என்றது. 45 வருஷம் கழித்தும் அதையே சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி உங்கள் வக்கீல் மூலம் ஒரு மனு போடுங்கள். (செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தவர்கள் அங்கேதான் கேட்க வேண்டும். ஜாமீன்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்துவதால் பலர் மனுவையும் அங்கே போட்டு ஒரு வாரத்தை இழக்கிறார்கள்.) ஜாமீன் உத்தரவு தேதி, மாமா வந்த தேதி, என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள், தம்பியின் தினக்கூலி, பழைய வழக்கு இல்லை என்பது எல்லாம் மனுவில் இருக்கட்டும். மாமாவின் ஜாமீனை ஏற்க வேண்டும், அல்லது ஒருவர் போதும் என்று குறைக்க வேண்டும், அல்லது சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்று வரிசையாகக் கேளுங்கள்.

கடைசியாக இன்னொன்றும் சேருங்கள். ஜாமீன்தாரருக்குப் பதிலாக ஒரு தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வெளியே வர, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 490-வது பிரிவில் கோர்ட் அனுமதிக்கலாம். தம்பி ஒழுங்காக வாய்தாவுக்குப் போனால் வழக்கு முடிந்தபின் அந்தப் பணம் திரும்ப வரும். தரகரிடம் போகும் 8,000 வராது. ஜாமீன் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று 484-வது பிரிவு சொல்வதையும் மனுவில் காட்டச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம், 483-வது பிரிவு அதற்கு வழி தருகிறது.

மாமா மறுபடி போகும்போது ஆதார், வங்கிப் பாஸ்புக், போட்டோ, அந்த வருஷத்து வீட்டு வரி ரசீது, பட்டா எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் இருக்கட்டும். பெயரையும் இனிஷியலையும் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை விடிகாலை பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர், மஞ்சள் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த வரி ரசீதை எடுத்து நீட்டினார். வீடு இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது. அன்று மாலை வெறுங்கையோடு திரும்பினார். அவர் மகன் இன்னும் ஒன்பது நாள் உள்ளே இருந்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது தம்பி இருக்கும் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், ஜெயில் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே 2023 உத்தரவில் இருக்கிறது. தெரிவித்தார்களா என்று எழுத்திலேயே கேளுங்கள். ஒரு மாதமாகியும் ஜாமீன் போட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். அதுவரை காத்திருக்காதீர்கள். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகைக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023-இல் வந்திருக்கிறது. அதையும் ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாக வந்துவிடுவான் என்று யாராவது சொல்வார்கள். அந்த ஜாமீனுக்கும் மனு போட வேண்டும், அதற்கும் ஜாமீன்தாரர் கேட்பார்கள்.

2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். எல்லோரும் ஜாமீன்தாரர் கிடைக்காதவர்கள் அல்ல. ஆனால் வீடும் பட்டாவும் உள்ளவனைத்தான் நம்புவோம் என்ற பழக்கம், வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் உங்கள் தம்பியைப் போன்றவர்களைத்தான் முதலில் அடிக்கிறது.

அப்புறம், ஜாமீன் உத்தரவை இன்றே ஒருமுறை முழுதாகப் படியுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தால், தம்பி வெளியே வந்த மறுநாளிலிருந்தே போக வேண்டும். ஊருக்குக் கூட்டிவர நினைத்தால் உங்கள் பகுதி ஸ்டேஷனுக்கு மாற்றித் தரும்படி இந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.