பதில்: நோவா பேழை செய்தால் அது டிசைன் அண்ட் டெக்னாலஜி ஆகுமா?

இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறீர்கள். டிசைன் அண்ட் டெக்னாலஜி, அதாவது பொருட்களை வடிவமைத்துச் செய்யும் பாடத்திலும் கிறிஸ்தவம் தெரிய வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். முப்பது பிள்ளைகளும் ஒரே அச்சில், பைபிளில் நோவா வெள்ளத்துக்குத் தப்பக் கட்டிய பேழையை (மரக்கப்பலை) செய்து வண்ணம் பூசிவிட்டார்கள். அது கைவேலைதான் டீச்சர். இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் வடிவமை, செய், மதிப்பிடு என்று மூன்றையும் கேட்கிறது.

பேழையைத் தூக்கிப்போட வேண்டாம். பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் (6:15) அளவே தருகிறது: 300 முழ நீளம், 50 அகலம், 30 உயரம். அதை 30 × 5 × 3 செ.மீ. அட்டைப்பெட்டியாக்குங்கள். கொள்ளளவு 450 கன செ.மீ.; அவ்வளவு தண்ணீரின் எடை 450 கிராம். அதனால் பெட்டியின் எடையும் சேர்த்து 450 கிராமைத் தாண்டினால் மூழ்கும். ஒரு பென்னி நாணயம் 3.56 கிராம். எத்தனை தாங்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு பெட்டியை அகலமான தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். நாணயங்களை ஒரே பக்கம் குவித்தால் சீக்கிரமே கவிழும், அதையும் பார்க்கட்டும். "உள்ளும் புறம்பும் கீல் பூசு" (கீல் என்றால் தார்) என்ற வசனத்துக்கு, தண்ணீர் புகாமல் தடுப்பது எது என்று மெழுகு, டேப், பிவிஏ பசை (வெள்ளைப் பசை) மூன்றையும் ஒப்பிடலாம். மூலைகள்தான் முதலில் ஊறும்.

அடுத்த பருவத்தில் வசனமே வேண்டாம், என் கருத்து. கை நடுங்கும் ஒரு சபைப் பாட்டியை வகுப்புக்கு அழைத்து, அவருக்கு எது சிரமம் என்று பிள்ளைகளே கேட்டு ஒரு பை செய்யட்டும். பிறருக்கு உதவுவதும் கிறிஸ்தவம்தானே, தலைமையாசிரியருக்கும் அது போதும்.