காசில்லாமல் ரெக்கார்டிங்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை (உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம்) வைத்து வீட்டிலேயே பாட்டும் வாத்தியமும் பதிவு செய்வது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செய்யாறு பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எந்த மைக் வாங்கலாம் என்பதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். அதை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன்.

அண்ணா, ஆடாசிட்டி, ஆர்டூர், எல்எம்எம்எஸ் மூன்றையும் இறக்கி வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பாடப் போகிறீர்களா, பீட் போடப் போகிறீர்களா என்று சொல்லவில்லையே தம்பி. பாடுவது, பேசுவது, ஒற்றை வாத்தியம் வாசிப்பது என்றால் ஆடாசிட்டி போதும். 2000-இல் வெளிவந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்து சிவப்புப் பட்டனை அமுக்கினால் பதிவாகத் தொடங்கிவிடும்.

எல்எம்எம்எஸ் கீபோர்டிலும் மவுஸிலும் இசையைக் கோப்பவர்களுக்கானது. அதன் 1.2 பதிப்பில் மைக்கில் பாடி நேரடியாகப் பதிவு செய்யவே முடியாது. இது தெரியாமல் மைக்கைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

நாலைந்து மைக் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி டிராக் போட்டு, மிக்ஸிங் வரை போகிறவர்களுக்கு ஆர்டூர். அதன் சோர்ஸ் கோடு இலவசம்தான், ஆனால் அவர்களின் தளத்தில் தயார் நிலையில் இருக்கும் பதிப்பை இறக்கச் சிறு தொகை கேட்பார்கள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வைத்திருந்தால் அதன் சாஃப்ட்வேர் களஞ்சியத்திலிருந்தே காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். முதலில் ஆடாசிட்டியில் ஒரு பாட்டையாவது முழுதாக முடியுங்கள். அப்புறம் ஆர்டூரைத் திறந்தால் பயமுறுத்தாது.

நண்பன் ஒரு பெரிய சாஃப்ட்வேரின் கிராக் காப்பி தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளட்டுமா? (ஆற்காடு)

வேண்டாம். வைரஸோடுதான் பெரும்பாலும் வரும், அப்டேட் செய்தால் படுத்துவிடும். இலவசமாகவே முறையாகக் கிடைக்கும்போது திருட்டுக் காப்பி எதற்கு?

சார், தாளத்தை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடுகிறேன். பாடும்போது சரியாக இருக்கிறது. திரும்பப் போட்டுக் கேட்டால் பாட்டு தாளத்துக்குப் பின்னால் போகிறது. என் லயம் அவ்வளவு மோசமா? (பாட்டு டீச்சர், சத்துவாச்சாரி)

உங்கள் லயத்தில் குறை இல்லை அம்மா. கம்ப்யூட்டரிலிருந்து ஒலி வெளியே வரவும், உங்கள் குரல் மைக் வழியாக உள்ளே போகவும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தைத்தான் லேட்டன்சி என்கிறார்கள். முதலில் ஒன்று பாருங்கள்: ஹெட்ஃபோன் புளூடூத்தா? என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் அளந்துதான் பார்க்க வேண்டும். ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு என்று கேட்கும். ஆதி தாளத்துக்கு 8, மிஸ்ர சாபுவுக்கு 7 கொடுங்கள். சுற்றின் முதல் தட்டு மட்டும் வேறு சுருதியில் ஒலிக்கும், சமம் எங்கே என்று குழம்பாது. இப்போது ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு புது டிராக்கில் பதிவு செய்யுங்கள். மேலே அசல் தட்டு, கீழே மைக் வழியாக வந்த தட்டு. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் கீழே உள்ள முள் (தட்டு விழும் இடத்தில் அலை எழும் கூர்முனை) சற்று வலப்பக்கம் தள்ளி நிற்கும். இரண்டுக்கும் நடுவே இழுத்துத் தேர்வு செய்தால் எத்தனை மில்லிசெகண்ட் என்று அடியில் காட்டும்.

பிரிஃபரன்ஸஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற இடத்தில் முதலிலேயே −130 என்று போட்டிருக்கும். அது உத்தேசக் கணக்கு, உங்கள் லேப்டாப்பைப் பார்த்துப் போட்டதில்லை. கீழ்த் தட்டு 40 மில்லிசெகண்ட் பிந்தினால் −170 ஆக்குங்கள். அதே 40 முந்தினால் −90 ஆக்குங்கள். மறுபடி ஒருமுறை அளந்து, இரண்டு முள்ளும் நேர்கோட்டில் வந்ததும் விட்டுவிடுங்கள்.

சுருதி விலகலை ஆட்டோடியூனில் சரிசெய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆர்டூரில் எக்ஸ்42 என்ற இலவச பிளக்‌இன் சேர்த்தால் முடியும். ஆனால் கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை) அது பிழை என்று நினைத்து நேராக்கிவிடும். தோடி ராகம் பாடிவிட்டு அதைப் போட்டால் தோடி இருக்காது. அந்த வரியை இன்னொரு முறை பாடிவிடுவது நல்லது.

பதிவு முழுக்க 'ங்ங்' என்று ஒரு இரைச்சல், கூடவே ஃபேன் சத்தம். எப்படி எடுப்பது? (குடியாத்தம்)

'ங்ங்' பெரும்பாலும் கரண்டிலிருந்து வருவது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். நின்றுவிட்டால் எர்த்திலோ சார்ஜரிலோ கோளாறு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே பதிவானதற்கு எஃபெக்ட் மெனுவில் நாட்ச் ஃபில்டர் உண்டு. அதில் 60 என்று போட்டிருக்கும், அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே 50 என்று மாற்ற வேண்டும். மிச்சம் இருந்தால் 100, 150 என்று அடுத்தடுத்து.

ஃபேனை நிறுத்துங்கள் என்று கத்திரி வெயிலில் வேலூர்க்காரரிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்காருங்கள். அதுவும் முடியாதென்றால் பதிவைத் தொடங்கிப் பாடாமல் மூன்று விநாடி சும்மா இருங்கள். பிறகு அந்த மூன்று விநாடியை மட்டும் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாகக் கொடுத்து, முழுப் பதிவிலும் ஓட்டுங்கள். குறைக்கும் அளவு 6 டெசிபல், மிஞ்சினால் 12. அதற்கு மேல் போனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் ஆகிவிடும்.

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டும். தாங்குமா? (செய்யாறு பக்கம்)

இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும் பழைய வட ஆற்காடுதானே, சேர்த்துக்கொள்கிறேன். தாங்கும், ஆனால் கணக்குத் தெரிந்து உட்கார வேண்டும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. ஆடாசிட்டி வழக்கமாக 32 பிட்டில் பதிவு செய்யும் என்பதால் 1.4 ஜிபி பிடிக்கும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 15 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. முழு இரவையும் ஒரே ஃபைலாக வெளியே எடுக்கப் பார்த்தால் சிக்கல்தான். கட்டியங்காரன் வரவு, அடுத்த வேஷம் என்று இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் நிறுத்திச் சேமித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பத்திரப்படுத்த ஃபிளாக் வடிவம் போதும். தரம் குறையாது, இடம் மிச்சம்.

சத்த அளவை ஆரம்பத்தில் பேசும் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். முகவீணையும் மத்தளமும் சேர்ந்து ஏறும்போது ஒலி அளவு காட்டும் மீட்டர் −6 டெசிபலைத் தாண்டக் கூடாது. சத்தம் குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம், மேலே முட்டிக் கிழிந்ததை ஒட்ட முடியாது. மைக்கைக் குழாய் ஸ்பீக்கர் பக்கம் திருப்பாமல், பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சை நோக்கி முன்னால் வையுங்கள். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் நிற்கப் போகிறது என்று மாலையிலேயே விசாரித்துவிடுங்கள்.

குரல் இடது காதில் மட்டும் கேட்கிறது. (ஆம்பூர்)

ஒற்றை மைக்கை ஸ்டீரியோவில் பதிவு செய்திருக்கிறீர்கள். டிராக் மெனுவில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, காலியாக உள்ளதை அழியுங்கள். அடுத்த முறை தொடங்கும் முன்பே மோனோவுக்கு மாற்றிவிடுங்கள்.

சேவ் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யாருக்கும் திறக்கவில்லை. (வாணியம்பாடி)

நீங்கள் அனுப்பியது ஏயூபி3 புராஜெக்ட் ஃபைல். அது ஆடாசிட்டிக்கு மட்டும்தான் புரியும். எக்ஸ்போர்ட் கொடுத்து எம்பி3 ஆக்கி அனுப்புங்கள். புராஜெக்டை அழித்துவிடாதீர்கள், திருத்த வேண்டுமானால் அதுதான் வேண்டும்.

கடைசியாக, எந்த மைக் வாங்கலாம்? (ஏறக்குறைய எல்லோரும்)

இப்போதைக்கு எதுவும் வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். போனில் பதிவு செய்ததை ஆடாசிட்டியில் திறந்து வெட்டி ஒட்டிப் பழகுங்கள். எம்4ஏ ஃபைல் விண்டோஸில் திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலையும் நிறுவ வேண்டும், அதுவும் இலவசம். ஒரு மாதம் கழித்தும் ஆர்வம் இருந்தால் யுஎஸ்பி மைக் ஒன்று வாங்குங்கள். எக்ஸ்எல்ஆர் பின் வைத்த கண்டென்சர் மைக்கைக் கடைக்காரர் நீட்டினால், அதற்கு 48 வோல்ட் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதை அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த மைக்காக இருந்தாலும் வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் தூரம் விட்டு, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். 'ப' வரும்போது காற்று அடிக்காது.