'ஹூ' வந்தா வெர்ப் யார் பக்கம்?

கேள்வி: சார், எஸ்.எஸ்.சி. (மத்திய அரசு வேலைக்கான தேர்வாணையம்) மாக் டெஸ்ட்ல 'ஷி இஸ் ஒன் ஆஃப் த கேர்ள்ஸ் ஹூ சிங்ஸ் வெல்' வந்தது. 'நோ எரர்' போட்டேன். கீயில, அதாவது விடைப் பட்டியல்ல, 'சிங்'னு இருக்கு. 'ஒன்' ஒருமைதானே?

பதில்: ஒருமைதான். ஆனா 'ஷி'க்கு உரிய வெர்ப் பக்கத்துலயே 'இஸ்'னு வந்தாச்சு. 'ஹூ' ஒட்டிக்கிட்டு நிக்கிறது 'கேர்ள்ஸ்' மேல. தமிழ்ல சொல்லிப் பாருங்க: நல்லாப் பாடுகிற பெண்களில் ஒருத்தி. பாடுறது யாரு? பெண்கள். அதனால பன்மைக்கு உரிய 'சிங்'.

நமக்கு வழுக்குற இடமே அந்தப் 'பாடுகிற'தான். பாடுகிற பெண், பாடுகிற பெண்கள், பாடுகிற நான்... எதுக்கும் உருவம் மாறாது. பெயரெச்சம் காலம் காட்டும். திணை, பால், எண், இடம் காட்டாது. இங்கிலீஷ்ல அதே இடத்துல எண்ணையும் இடத்தையும் காட்டியாகணும். பிறந்ததுலேர்ந்து செய்யாத வேலை, காது எப்படிக் கண்டுபிடிக்கும்? நானும் இதுல மார்க் விட்டவன்தான்.

கேள்வி: 'த ஒன்லி ஒன் ஆஃப் த கேர்ள்ஸ் ஹூ...' வந்தா?

பதில்: 'சிங்ஸ்'. அந்தக் கூட்டத்துல பாடுறவ அவ ஒருத்திதான், மத்தவங்க பாடுறதில்ல.

கேள்வி: 'இட் இஸ் ஐ ஹூ இஸ் டு ப்ளேம்' சரியா அண்ணா?

பதில்: 'இஸ்' இல்ல, 'ஆம்' (am) வரணும் தம்பி, 'ஹூ'க்கு முன்னாடி நிக்கிறது 'ஐ'. காதுக்கு விநோதமாத்தான் இருக்கும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தோட பழைய இங்கிலீஷ் வடிவத்துல 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்'னு வரும். பிதாவை நேரா முன்னிலையில கூப்பிடுறதால, 'தௌ'வுக்கு (பழைய ஒருமை 'யூ') உரிய 'ஆர்ட்' (பழைய 'ஆர்'). தமிழ்ல 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'. 'இருக்கிற'வைப் பார்த்து முன்னிலையா படர்க்கையான்னு சொல்லிடுங்க பார்ப்போம்!

கேள்வி: நல்ல எழுத்தாளர்களே 'ஒன் ஆஃப் தோஸ் பீப்பிள் ஹூ இஸ்'னு எழுதுறாங்களே சார்?

பதில்: எழுதுறாங்க, ரொம்ப காலமாவே. மனசு 'ஒன்'லயே நின்னுடும். நான் அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கீ பன்மையைத்தான் கேட்கும், எஸ்.எஸ்.சி. நடத்துற பட்டதாரித் தேர்வான சி.ஜி.எல். முதல் கட்டத்துல ஒரு தப்புக்கு 0.50 மார்க் போயிடும்.

கேள்வி: 'எ பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் தட்...' வந்தா 'வாஸ்'ஸா 'வேர்'ரா?

பதில்: மீதி வாக்கியத்தைப் படிக்காம டிக் பண்ணாதீங்க. அழுகிப்போனது மாம்பழம்னா 'வேர்'. ஆணி அடிச்சு மூடியிருந்தது பெட்டின்னா 'வாஸ்'.