வாய்க்கால் ஓரம் பச்சை, நடுவில் பொட்டல்: உவர்நிலக் கேள்வி – பதில்

கேள்வி: முத்துப்பேட்டை உப்பங்கழியை ஒட்டிய பொட்டலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலையாத்தி விதை ஊன்றினோம். வாய்க்கால் ஓரம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. இரண்டு வாய்க்காலுக்கு நடுவே உப்புமண்ணிலும் முளைக்கும் உமரிச் செடிகூட இல்லை. கடல் ஏற்றத்தில் வரும் ஓதத் தண்ணீர் மண்ணுக்கடியில் ஊறி அங்கேயும் போய்ச் சேராதா?
– வாசகர், தில்லைவிளாகம்

பதில்: சேராது. கடைமடைக் களிமண்ணில் தண்ணீர் ஊடுருவும் திறன் நாளைக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். நீர்மட்டச் சரிவு 100 மீட்டருக்கு 1 மீட்டர். மண்ணில் பாதி இடம் துளை. அப்படியானால் தண்ணீர் பக்கவாட்டில் நகர்வது நாளைக்கு 0.2 மி.மீ., ஓராண்டில் 7 செ.மீ. சொச்சம். வெயிலோ ஒரே நாளில் 5 மி.மீ. உறிஞ்சிவிடும். அது கடல்நீராக இருந்தால் சதுர மீட்டருக்கு 175 கிராம் உப்பு மிச்சம். நடுப்பகுதியில் தண்ணீர் போக ஒரே வழி மேல்நோக்கித்தான். உப்பு மட்டும் தங்கிவிடுகிறது.

கரையோரக் கதை வேறு. அங்கே நண்டு வளையும் வேர்த்துளையும் களியைச் சல்லடையாக்கி வைத்திருக்கும். வற்றத்தில் மண்நீர் வாய்க்காலுக்கு வடியும், ஏற்றத்தில் புதுத் தண்ணீர் நிரம்பும், காற்றும் உள்ளே போகும். இந்த மூச்சு கரையிலிருந்து சில மீட்டரோடு நின்றுவிடும். இயற்கைச் சதுப்பில் ஓடைகள் கிளைகிளையாகப் பிரிவதால் எந்த இடமும் ஓடைக்குத் தொலைவில்லை. நாம் வெட்டுவதில் இடைவெளி அதிகம். பொக்லைன் ஏறி மிதித்த மண்ணில் துளைகளும் நசுங்கிப்போகும்.

இன்னொன்றையும் பாருங்கள்: தோண்டிய மண்ணை வாய்க்கால் ஓரமே வரப்பாகப் போட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அமாவாசை, பௌர்ணமி ஓதம்கூட வரப்பைத் தாண்டாது, மழைநீரும் வெளியேறாது. பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு வாய் வெட்டிவிடுங்கள். வாய்க்கால் தரை கழியை நோக்கித் தாழ வேண்டும். உள்முனை பள்ளமாக இருந்தால் வெட்டியது வாய்க்கால் அல்ல, உப்புப் பாத்தி.

கேள்வி: கிளை வாய்க்காலுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது?
– வாசகர், தொண்டியக்காடு

பதில்: ஊருக்கு ஊர் மண் மாறும், மண்ணுக்குள் நீர்மட்டத்தை அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். ஒன்றரை அங்குல பிவிசி குழாய் நான்கு, ஒவ்வொன்றும் 2 மீட்டர். அடிமூடி போட்டு, கீழ் 30 செ.மீ.க்கு 3 மி.மீ. துளையிட்டு நைலான் துணி சுற்றுங்கள். கரையிலிருந்து 1, 3, 8, 20 மீட்டரில், ஒன்றே கால் மீட்டர் ஆழத்துக்குக் கைத்துரப்பணத்தால் (கையால் திருகித் துளையிடும் கருவி) குழி போட்டு இறக்குங்கள். துளைப் பகுதியைச் சுற்றி ஆற்றுமணல். அதற்குமேல் தரைவரை பிசைந்த களி. களி அடைப்பு தளர்ந்தால் மேல்தண்ணீர் குழாயோரமாக இறங்கி, நீங்கள் அளப்பது ஓதத்தைத்தான்.

ஒரு வாரம் விட்டு, பெரிய ஓதத்தன்று அரைமணிக்கு ஒருமுறை 12½ மணி நேரம் அளக்க வேண்டும். ஓதம் சிறுக்கும் அட்டமியை ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். நான்கு குழாய் வாய்களையும் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் ஒரே மட்டத்துக்குக் கணக்கிடாவிட்டால் இந்த எண்கள் எதற்கும் ஆகாது. 3 மீட்டரில் மட்டம் ஏறி இறங்கி, 8 மீட்டரில் அசையாமல் நின்றால், அந்த மண்ணில் வாய்க்காலின் ஆட்சி ஏழெட்டு மீட்டருக்குள்தான். இடைவெளி அதைப்போல் இரு மடங்கைத் தாண்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கடல்மட்டமே உயர்ந்திருக்கும். அப்போது எடுத்த அளவை நம்பி வெட்டிவிட்டுச் சித்திரையில் வருந்தாதீர்கள்.

கேள்வி: கைவிட்ட இறால் குட்டையின் கரையை உடைத்துவிட்டால் சதுப்பாகிவிடுமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: பார்வைக்கு ஆகும். புது வண்டல் படியும், செடியும் வரலாம். ஆனால் அடியில் இறுகிய பழைய தரை தட்டுப்போல் நிற்கும். அதற்குமேல் தண்ணீர் தேங்கும், வடியாது. உடைக்குமுன் பழைய ஓடைத் தடத்தைத் தேடி, தட்டுக்குக் கீழே இறங்கும்வரை தோண்டிக் கழியோடு இணையுங்கள். மிச்சத்தை ஓதமும் நண்டும் பார்த்துக்கொள்ளும், ஆண்டுக்கணக்கில்.

கேள்வி: பக்கத்தில் உவர்நீர் விட்டால் மணல்மேட்டுக் கிணறு உப்பாகுமா?
– வாசகர், கோடியக்காடு

பதில்: நடுவே களி இருக்கும்வரை பெரிதாகப் பயமில்லை. வாய்க்கால் மணலை வெட்டிவிட்டால் உப்பு நேரே போகும். மேட்டை விட்டு விலகியே வெட்டச் சொல்லுங்கள். மணலில் மழைநீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் கீழே உப்பு ஏறக்குறைய 40 அடி ஏறப் பார்க்கும். ஆழ்குழாயைவிட ஆழமற்ற அகலக் கிணறும், சிறிது சிறிதாக இறைப்பதும் நல்லது.