ஸ்பிதிக்கு ஏழு பேர் போதும்

வணக்கம் சார். ஈரோட்ல இருந்து எழுதறேன். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர், என் தம்பி, ஒரு ஃப்ரெண்டோட அம்மா, மொத்தம் ஏழு பேர் கிளம்பறோம். திபெத்ல லாசா போகணும்னு ரொம்ப நாள் ஆசை, பர்மிட் அது இதுன்னு தள்ளிப்போயிட்டே இருக்கு, அதனால ஹிமாச்சல்ல இருக்கற ஸ்பிதி பள்ளத்தாக்காவது, அந்த ஸ்பிதியாவது போலாம்னு முடிவு பண்ணிருக்கோம். ஒரு டூர் ஆபரேட்டர் மணாலில இருந்து ஆறு நாள் பிளான் குடுத்திருக்கார், எங்களையும் சேத்து இருபத்தி நாலு பேர், கீ மடம், சிச்சம் பாலம், ஹிக்கிம், லாங்சா, கோமிக், சந்திரதால் எல்லாம் கவர் ஆயிடுமாம். இதுல அந்த மக்களோட வாழ்க்கைய கொஞ்சமாவது பாக்க முடியுமா, இல்ல மலைய மட்டும் பாத்துட்டு திரும்பிருவோமா? கும்பலா அவங்க ஊருக்குள்ள போய் நிக்கறதே தொந்தரவோன்னும் ஒரு யோசனை. ஃப்ரெண்டோட அம்மாவுக்கு 62 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க.

*

வணக்கம்ங்க.

"ஸ்பிதியாவது"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்க இருந்தே ஆரம்பிக்கறேன். லாசா கிடைக்கலைன்னு போற ஊர் இல்ல ஸ்பிதி. மேற்கு திபெத்ல குகேன்னு ஒரு ராஜ்யம் இருந்துச்சு, ஸ்பிதி அதுக்குள்ள தான் இருந்துச்சு, அந்த ராஜா யேஷே ஓ 996ல உண்டாக்கினது தான் தாபோ மடம். ரின்சென் சங்போன்னு பெரிய மொழிபெயர்ப்பாளர், காஷ்மீர்ல படிச்சவர், அங்க இருந்து கலைஞர்கள கூட்டிட்டு வந்தார்னு சொல்வாங்க. திபெத்துக்குள்ள இந்த மாதிரி மடங்கள் எத்தனையோ 1966ல ஆரம்பிச்ச கலாச்சார புரட்சில இடிஞ்சு போச்சு, தாபோ எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்ததால தப்பிச்சுது, 1975 ஜனவரில கின்னோர்ல வந்த நிலநடுக்கத்துல அடி வாங்கியும் நிக்குது, இன்னைக்கும் உள்ள பூஜை நடக்குது. வெளில இருந்து பாத்தா வெறும் மண் சுவர். உள்ள நுழைஞ்சா இருட்டு, கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகும், அப்புறம் தான் சுவத்துல இருந்து முன்னால வந்து உக்காந்திருக்கற மண் சிற்பங்கள் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும், 30க்கும் மேல இருக்கு, அதுக்குக் கீழ சுத்தி வர ஓவியம். ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கோங்க. போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அது ரொம்ப நல்லது, எல்லாரும் ஒழுங்கா பாப்பாங்க. உங்க ஆறு நாள் பிளான்ல தாபோவே இல்ல.

சரி, நீங்க கேட்டதுக்கு வரேன். இருபத்தி நாலு பேர் வேண்டவே வேண்டாம். கூட்டம்னா எனக்கு பிடிக்காதுன்னு சொல்லல, காரணம் இருக்கு. பருவமழை மேகத்த இமயமலை தெக்கு பக்கமே நிறுத்திடுது, அதனால ஸ்பிதில மழை ரொம்ப கம்மி, மண் கூரை மண் சுவர் வீடு எல்லாம் அந்த தைரியத்துல கட்டினது தான். விவசாயத்துக்கு தண்ணி முழுக்க மேல பனி உருகி வர்றது. அதை கூல்னு சொல்ற வாய்க்கால் வெட்டி ஊருக்கு கொண்டு வருவாங்க, யார் வயலுக்கு எப்போ தண்ணின்னு முறை உண்டு, பல ஊர்ல அந்த உரிமை பழைய பெரிய வீட்டுக்காரங்க கையில. வருஷத்துக்கு ஒரே போகம், பெரும்பாலும் பார்லி, பச்சை பட்டாணி தான். இப்ப அந்த வீட்டு டாய்லெட்ட பாருங்க. மாடில ஒரு சின்ன ரூம், தரைல ஒரு ஓட்டை, பக்கத்துல மண்ணும் சாம்பலும் குவிச்சு ஒரு சின்ன மண்வெட்டி வச்சிருப்பாங்க, போயிட்டு ரெண்டு வாரி போட்டுட்டு வரணும். ஒரு சொட்டு தண்ணி கிடையாது. வாடையும் பெருசா வராது. கீழ் ரூம்ல சேர்றது மக்கி உரமாகி வயலுக்கு போகும், அந்த உரம் இல்லாம அந்த மண்ணுல ஒண்ணும் சரியா விளையாது. வீட்டு ஆளுங்களோட ஏழு பேர் கூட இருந்தா அந்த ஏற்பாடு தாங்கும். இருபத்தி நாலு பேர் வந்தா ஃப்ளஷ் கேப்பாங்க, கீசர் கேப்பாங்க, அதுக்கு ஒரு ஹோட்டல் கட்டணும், அந்த ஹோட்டலுக்கு டேங்க் ரொம்பணும், பட்டாணிக்கு போற தண்ணில தான் அது ரொம்பும். வெட் வைப்ஸ் ஓட்டைல போட்டா அது வயலுக்கு தான் போய் சேரும், தயவு செஞ்சு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. தொந்தரவான்னு கேட்டீங்கல்ல, ஊருக்கு உண்மையான தொந்தரவு இங்க தான் இருக்கு.

என் யோசனை, பாதி இடத்த லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க. ஹிக்கிம்ல, ரொம்ப உயரத்துல இருக்குன்னு பேர் போன போஸ்ட் ஆஃபீஸ் முன்னாடி வரிசைல நிக்கறதுக்கு அரை நாள் கொடுக்காதீங்க. டெமுல்னு ஒரு கிராமம் இருக்கு, 4,300 மீட்டருக்கு மேல, அங்க வர்ற விருந்தாளிங்கள முறை வச்சு வீட்டுக்கு வீடு பிரிச்சுக்கறாங்க, ரோட்டோரம் இருக்கறவனுக்கு மட்டும் காசு போகாம எல்லா வீட்டுக்கும் போகுது. ஏழு பேர்னா ரெண்டு வீட்ல அடங்கிடுவீங்க. குறைஞ்சது ரெண்டு ராத்திரி, முடிஞ்சா மூணு. முதல் நாள் அவங்களும் பேச மாட்டாங்க நீங்களும் மலையையே பாத்துட்டு இருப்பீங்க, ரெண்டாம் நாள் தான் அடுப்படில இடம் கிடைக்கும். அடுப்படின்னா அந்த வீட்டோட பெரிய ரூமே அது தான், நடுவுல தகர அடுப்பு, எரிக்கறது சாண வறட்டி, சுத்தி தாழ்வா மெத்தை. வெண்ணெய் போட்ட உப்பு டீ ஊத்துவாங்க, பாதி குடிச்சு கீழ வச்சா மறுபடி ரொம்பிடும், போதும்னா கிளம்பும்போது மட்டும் கடைசி வரைக்கும் குடிங்க. வறுத்த பார்லி மாவ, சம்பான்னு சொல்வாங்க, அந்த டீயிலயே போட்டு கப்ப ஒரு கையால சுத்திட்டே இன்னொரு கை விரலால பிசைவாங்க, மாவு ஒரு துளி வெளில சிந்தாது. நீங்களும் பிசைஞ்சு பாருங்க, அவங்களே சொல்லிக் கொடுப்பாங்க. டெமுல்ல இருந்து லாலுங்குக்கு இறங்கற நடைய விட்டுடாதீங்க, லோக்கல் ஆள் ஒருத்தர துணைக்கு வச்சுக்கோங்க. லாலுங்ல இருக்கற சின்ன கோயிலும் தாபோ வழி வந்தது தான், உள்ள சுவர் முழுக்க மண் சிற்பம், வர்ற கூட்டம் ரொம்ப கம்மி.

மணாலில இருந்து போறது எனக்கு சம்மதமே இல்ல. மணாலி 2,050 மீட்டர், அங்க இருந்து ஒரே நாள்ல 4,500 மீட்டருக்கு மேல இருக்கற குன்சும் பாஸ், அதாவது கணவாய், தாண்டி ஸ்பிதியோட பெரிய ஊரான காஸால போய் தூங்கணும், உடம்பு எப்படி பழகும்? 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா தூங்கற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாதுன்னு டாக்டருங்க சொல்றது. ஷிம்லா வழியா போங்க, தூரம் டபுள், ரோடும் சட்லெஜ் பள்ளத்தாக்குல பல இடத்துல பயமா தான் இருக்கும், ஆனா கல்பா 2,960, தாபோ 3,280, அப்புறம் காஸான்னு படிப்படியா ஏறும். தாபோல ரெண்டு ராத்திரி, காஸால ரெண்டு ராத்திரி, அதுக்கப்புறம் தான் டெமுல், அந்த ஏத்தம் 500 மீட்டருக்கு மேல வர்றதால தான் முன்னாடியே இத்தனை ராத்திரி. திரும்பி வரும்போது குன்சும் வழியா மணாலிக்கு இறங்கிக்கலாம், பாஸ் ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் தான் திறந்திருக்கும். ஆறு நாள் பத்தாது, பத்து பன்னெண்டு நாள் லீவு போடுங்க, கிடைக்கலையா அடுத்த வருஷம் போங்க. யாருக்காவது தலைவலியோட வாந்தி வந்தா அன்னைக்கு மேல ஏறக்கூடாது, நடை தள்ளாடினாலோ சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரின்னு பாக்காம கீழ இறக்கணும். ஏழு பேரா இருந்தா இதுக்காக வண்டிய திருப்பலாம், இருபத்தி நாலு பேர்ல ஒருத்தருக்காக யார் திருப்புவாங்க.

லாங்சா போனா பசங்க கல்லாப்போன நத்தை மாதிரி ஒண்ணு கொண்டு வந்து நீட்டுவாங்க, அம்மோனைட், இமயமலை எழும்பறதுக்கு முன்னாடி அங்க இருந்த டெத்திஸ் கடல்ல வாழ்ந்தது. கைல வாங்கி பாருங்க, காசு கொடுத்து வாங்கிடாதீங்க, அது அந்த மலையிலயே இருக்கட்டும். மந்திரம் செதுக்கின கல்ல அடுக்கி வச்ச மணி கல் சுவர், ஸ்தூபி எது வந்தாலும் நம்ம பிரகாரம் சுத்தற மாதிரி வலப்பக்கம் வச்சு தாண்டுங்க. கீ மடத்துல காலைல பூஜை நடக்கும்போது போய் பின்னாடி உக்காருங்க, ஃபோன் பையிலயே இருக்கட்டும்.

அம்மா விஷயம். பிபி கன்ட்ரோல்ல இருந்தா நிறைய பேர் போயிட்டு வர்றாங்க தான், ஆனா அத நானோ டூர் ஆபரேட்டரோ சொல்லக்கூடாது, அவங்க டாக்டர்கிட்ட எந்த ஊர்ல எத்தன மீட்டர்ல தூங்கப் போறீங்கன்னு எழுதி எடுத்துட்டு போய் கேளுங்க. உயரத்துக்கு உடம்பு பழக கொடுக்கற டயமாக்ஸ் மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்காது, சல்ஃபா அலர்ஜி இருக்கான்னும் அப்பவே சொல்லிடணும். டெமுல் அவங்களுக்கு உயரம் ஜாஸ்தின்னு டாக்டர் நினைச்சா, உங்கள்ல ஒருத்தர் கூட இருக்க அவங்க தாபோலயே தங்கிக்கட்டும், மடத்தோட கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, சுத்தி ஆப்பிள் தோட்டம், கோயில் ரெண்டு நிமிஷ நடை. மத்தவங்க மேல போயிட்டு வந்து அவங்கள கூட்டிக்கிட்டு ஷிம்லா வழியாவே இறங்கிடுங்க, குன்சும் அந்த தடவை வேண்டாம்.