கோடையை நினைத்து அடுப்பு வாங்குங்கள்

கேள்வி: குளிர்ப் பகுதியில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். சமையலுக்கும், ரேடியேட்டர்கள் வழியாக அறைகளைச் சூடாக்கவும், கேஸில் எரியும் ஒரே பெரிய வார்ப்பிரும்பு அடுப்பை வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தயக்கம் நியாயமானது. குளிர்காலத்தில் அந்த அடுப்பின் பக்கத்தில் நின்றால் யாருக்கும் ஆசை வரும். நீங்கள் கோடையையும் சேர்த்து யோசியுங்கள்.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இதில் மூன்று வகை உண்டு. சில அடுப்புகள் சமையலுக்கு மட்டும்தான், தோற்றம்தான் பழசு. இரண்டாவது வகை, இரவு பகலாக எரிந்து இரும்பில் சூட்டைத் தேக்கி வைப்பது. கண் பார்வையை இழந்த ஸ்வீடன் விஞ்ஞானி குஸ்தாவ் தாலேன் 1922-இல் உருவாக்கிய ஆகா அடுப்பு இந்த வகை. முதலில் அது கரியில்தான் எரிந்தது. கேஸ் பிற்பாடு வந்தது. மூன்றாவது வகையில் பாய்லரும் உள்ளேயே இருக்கும். ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்ப உங்களுக்கு வேண்டியது இதுதான்.

எப்போதும் எரியும் அடுப்பில் நான் சமைத்திருக்கிறேன். தீயே கண்ணில் படாது. பாத்திரம் வைக்கும் இரும்புத் தட்டுகளின் கனத்த மூடியைத் தூக்கினால் முகத்தில் அனல் அடிக்கும். சூட்டைக் குறைக்கத் திருகு கிடையாது, பாத்திரத்தைத்தான் சூடு குறைந்த தட்டுக்கு நகர்த்த வேண்டும். அடி வளைந்த வாணலி தட்டில் சரியாகப் படியாது. மூடியை நெடுநேரம் திறந்தே வைத்தால் தட்டோடு ஓவனும் ஆறிவிடும். வெயில் காலத்தில் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தும் சமையலறையில் நிற்க முடியவில்லை. 1 கிலோவாட் அளவில் ஓயாமல் எரிந்தாலே நாளொன்றுக்கு 24 யூனிட் வெப்பம். அந்த கேஸுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

அதனால் பாய்லர் உள்ள வகையிலும், ஓவனுக்கு ஒரு பர்னர், பாய்லருக்கு ஒரு பர்னர் என்று தனித்தனியாக இருக்கிறதா, ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் எரிக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

என் சொந்த அபிப்பிராயம், இடமிருந்தால் பாய்லர் தனி, அடுப்பு தனி என்று வைப்பதே நல்லது. கண்டென்சிங் பாய்லர் புகையில் உள்ள நீராவியின் சூட்டையும் பிடித்துக்கொள்வதால் கேஸ் மிச்சமாகும். ஒன்று பழுதானாலும் சோறும் கணப்பும் ஒரே நாளில் நிற்காது.

பழைய வீடு என்பதால் பணம் கட்டும் முன் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் ஒருவர் வந்து பார்க்கட்டும். பெரிய வார்ப்பிரும்பு அடுப்புகள் 400 கிலோவைத் தாண்டும். மரத்தளம் தாங்குமா என்று கட்டட வேலை தெரிந்தவரிடமும் கேளுங்கள். குழாய் கேஸா, சிலிண்டரா என்பதைப் பொறுத்து பர்னர் ஜெட், அதாவது கேஸ் வெளியே வரும் சின்னத் துளை, மாறும்.

புகைபோக்கி விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. அறைக் காற்றை எடுத்து எரியும் அடுப்பென்றால், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடக்கூடும். வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே விடும் மூடிய அமைப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்கான அலாரத்தை அடுப்பு வரும் நாளிலேயே மாட்டிவிடுங்கள், வருடா வருடம் சர்வீஸ் செய்யுங்கள். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக மாறினாலோ கரி படிந்தாலோ உடனே அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து, டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.